கைகட்டி நின்ற விவசாயி

மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஊர்க்காரர்கள் முதன்முதலில் வந்தது 2011-இல். பழுப்பு அங்கி போட்டவன் விவசாயி, வெள்ளை அங்கி போட்டவன் நூலகன் என்று அப்போதே வகை பிரித்துவிட்டார்கள். ஆனால் விவசாயி விவசாயம் செய்யவில்லை. ஊர் நடுவில் கோதுமை விளைந்து நிற்கும். அவன் ஓரமாக நடந்து போவான், வீட்டுக்குள் நுழைவான், வெளியே வருவான், அவ்வளவுதான். 2014 செப்டம்பரில் 1.8 பதிப்பு வந்த பிறகுதான் அறுக்கவும் திரும்ப நடவும் கற்றுக்கொண்டான். கிட்டத்தட்ட மூன்று வருடம் பேருக்கு மட்டும் விவசாயியாக இருந்திருக்கிறான். அதே மாதத்தில்தான் இந்த விளையாட்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் முதலாளி மாறியதால்தான் விவசாயி வேலைக்கு இறங்கினான் என்று என் அக்கா மகன் இன்றைக்கும் நம்புகிறான்.

அவனால்தான் நான் இந்த உலகத்துக்குள் போனேன். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். பையனைப் பத்து நாள் அம்முச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று அக்கா உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டாள். 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. அவள் திருப்பூரில் மாட்டிக்கொண்டாள், அவன் இங்கே மாட்டிக்கொண்டான். நான் கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ். மில்லையும் மூடிவிட்டார்கள். ஆக, தென்னந்தோப்புக்கு நடுவில் ஒரு வீடு, அதில் அம்மா, நான், பன்னிரண்டு வயதுப் பையன், ஃபேன் சத்தம் போடும் ஒரு பழைய லேப்டாப்.

முதல் சில நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்த்தேன். எல்லாமே கட்டம் கட்டமாக இருந்தது. மரம் கட்டம், மேகம் கட்டம், மாடும் கட்டம். இதில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மாமா, இவன் வேலயே செய்ய மாட்டீங்கறான்."

இந்த வாக்கியத்தை இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மில்லில் ரிங் ஃபிரேம் நின்றுபோனால் ஆபரேட்டர் போனில் சொல்வது இதையேதான்: மிஷின் மக்கர் பண்ணுது சார். மிஷின் மக்கர் பண்ணுவதில்லை. கதவு சாத்தியிருக்க வேண்டும், காற்றழுத்தம் வந்திருக்க வேண்டும், மோட்டார் சூடேறாமல் இருக்க வேண்டும் என்று அதற்கு வரிசையாக நிபந்தனைகள். இன்டர்லாக் என்போம். பத்தில் ஒன்பது சரியாக இருந்து ஒன்று இல்லையென்றாலும் அசையாது. பேனலைத் திறந்து எந்த விளக்கு எரியவில்லை என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவன் ஆற்றோரம் ஒரு வயல் போட்டிருந்தான். ஒன்பதுக்கு ஒன்பது கட்டம், நட்ட நடுவில் ஒரு கட்டம் தண்ணீர். இது அவனுக்கே தெரிந்திருந்தது. இந்த விளையாட்டில் ஒரு கட்டத் தண்ணீர் நான்கு பக்கமும் நான்கு கட்டம் வரை மண்ணை நனைக்கும். ஒன்பதுக்கு ஒன்பதில் நடுக்கட்டம் போக 80 கட்டம் ஈரமாகிவிடும். வாய்க்கால் வேண்டாம், மோட்டார் வேண்டாம், மும்முனைக் கரன்ட் எப்போது வரும் என்று ராத்திரி கண்விழிக்க வேண்டாம். அம்மா இதை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

வயலைச் சுற்றி வேலி. ஓரத்தில் ஒரு கம்போஸ்டர், அதாவது மக்குத்தொட்டி. 2019 ஏப்ரல் 23-இல் வந்த 1.14 பதிப்புக்குப் பிறகு ஒருவன் என்ன தொழில் செய்வான் என்பது பிறப்பால் வருவதில்லை. அவன் எந்தச் சாமானைத் தன் வேலையிடமாக எடுத்துக்கொள்கிறானோ அதுதான் தொழிலைத் தீர்மானிக்கும். மக்குத்தொட்டி கிடைத்தால் விவசாயி. புத்தகம் வைக்கும் சாய்மேசை கிடைத்தால் நூலகன். (கைபேசியில் ஓடும் பதிப்பில் சில விவரங்கள் மாறும். நான் சொல்வதெல்லாம் கணினியில் ஓடும் ஜாவா பதிப்பைப் பற்றி.)

வேலிக்குள் ஒருவன் நின்றான். பெரிய மூக்கு, பச்சை அங்கி. பையன் அவனைத் தூரத்து ஊரிலிருந்து படகில் ஏற்றி ஆற்று வழியாகக் கூட்டி வந்திருந்தான். ஊர்க்காரர்களைக் கூப்பிட்டால் வரமாட்டார்கள், பணம் கொடுத்தாலும் வரமாட்டார்கள். பக்கத்தில் படகைக் கொண்டுபோய் இடித்தால் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். இறக்குவதற்குப் படகை உடைக்க வேண்டும். இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்தவன் மக்குத்தொட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. மவுஸால் தட்டினால் தலையை ஆட்டி மூக்கால் முனகுவதோடு சரி.

இதற்குக் காரணம் சீக்கிரமே கிடைத்தது. பச்சை அங்கிக்காரனுக்கு எந்தத் தொழிலும் வராது. நிட்விட் என்று பெயர். எத்தனை தொட்டி வைத்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டான். விளையாட்டை உருவாக்கியவர்கள் ஏன் இப்படி ஒருவனைப் படைத்தார்கள் என்று பையன் கொதித்தான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. ஊர் என்றால் அப்படி ஒருவன் இருக்கத்தானே செய்வான். அவனை அங்கேயே விட்டுவைத்தோம். கடைசிவரை வயலைச் சுற்றிச்சுற்றி நடந்துகொண்டு சந்தோஷமாக இருந்தான் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது ஆளைக் கொண்டுவந்தோம். பச்சை இல்லை, தொழிலும் இல்லை, வெறும் அங்கி. இவனும் தொட்டியை எடுக்கவில்லை. ஆனால் தொட்டிக்கு மேல் பச்சைப் பொறி பறந்ததைப் பார்த்தேன் என்று பையன் சத்தியம் செய்தான். யாராவது ஒருவன் வேலையிடத்தை எடுத்துக்கொண்டால்தான் அந்தப் பொறி வரும். அப்படியானால் எடுத்தது யார்? கொஞ்ச நேரத்தில் விடை தானாகவே நடந்து வந்தது. பக்கத்துச் சிற்றூரிலிருந்து வைக்கோல் தொப்பி போட்ட ஒருவன் வயல் வரை வந்து, வேலிக்கு வெளியே நின்று, உள்ளே போக வழியில்லாமல் வேலியையே முட்டிக்கொண்டிருந்தான். வேலையில்லாத ஒருவன் சுற்றிலும் 48 கட்ட தூரம் வரை ஆளில்லாத வேலையிடத்தைத் தேடுவான். உள்ளே இருந்தவன் யோசிப்பதற்குள் வெளியே இருந்தவன் முந்திவிட்டான். வேலைக்காரன் வெளியே, வேலையில்லாதவன் உள்ளே.

நான் தொட்டியை உடைத்து மறுபடி வைக்கலாமா, முந்தியவனின் உரிமையை எப்படி ரத்து செய்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பையன், "வந்தவனையே உள்ள உட்டுப்போடலாம் மாமா" என்றான். கதவைத் திறந்தோம். வந்தான். இரண்டாவது ஆளை வெளியே தள்ளிவிட்டுச் சாத்தினோம். படுக்க உள்ளேயே ஒரு கட்டில், ராத்திரி ஜோம்பி முளைக்காமல் இருக்க வேலியோரம் தீப்பந்தம். அந்த வெளிச்சம் பயிருக்கும் ஆகும். ஒளி அளவு 9-க்குக் கீழே போனால் பயிர் வளராது.

இனிமேல்தான் உண்மையான தலைவலி.

தொப்பிக்காரன் எல்லாம் சரியாகச் செய்தான். காலையில் எழுந்தான், மக்குத்தொட்டிக்கு வந்து நின்றான், வயலில் நடந்தான், சாயங்காலம் கட்டிலுக்குப் போனான். வியாபாரமும் செய்தான். ஒன்றை மட்டும் செய்யவில்லை: அறுவடை. கோதுமை எட்டு நிலைகளில் வளரும். கடைசி நிலையில் பச்சை போய்ப் பழுத்த மஞ்சளாகி, நுனி பழுப்பேறி நிற்கும். அப்படி விளைந்த கோதுமைக்கு நடுவில் போய் நிற்பான். கைகளை எதிரெதிர்ச் சட்டைக் கைக்குள் விட்டுக் கட்டிக்கொண்டு நிற்பான். இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்குமே உருவம் அப்படித்தான், கை வெளியே வரவே வராது. ஆனால் வேலை நடக்காத வயலில் பார்க்கும்போது அது வேண்டுமென்றே செய்வதாகத்தான் தெரிந்தது.

நேரம் தவறிப் பார்க்கிறோமோ என்று முதலில் சந்தேகம். இந்த உலகத்தில் ஒரு பகலும் ஒரு இரவும் சேர்ந்து நம்முடைய 20 நிமிடம். அதில் ஊர்க்காரர்களுக்கு வேலை நேரம் காலை எட்டிலிருந்து மூன்று மணி வரை. நம் கடிகாரத்தில் 5 நிமிடம் 50 நொடி. மூன்று மணிக்கு மேல் ஊர் மணி இருக்கும் இடத்தில் கூடிப் பேச வேண்டும், அப்புறம் தூக்கம். மில் ஷிஃப்டில் இருப்பவனுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும். சரி, அந்த ஆறு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் கண் கொட்டாமல் பார்த்தோம். அப்போதும் அறுக்கவில்லை.

பாதை அடைத்திருக்கிறதோ? இல்லை, வயல் முழுக்க நடக்கிறான். கோதுமை பிடிக்கவில்லையோ? கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் என்று மாற்றிப் போட்டோம். எதையும் தொடவில்லை. பையன் பொறுமையிழந்து, "பசியோட இருப்பானோ என்னமோ" என்று ஒரு ரொட்டியை எடுத்து அவன் காலடியில் வீசினான்.

இந்த விளையாட்டில் கீழே கிடக்கும் பொருள் சும்மா கிடக்காது. தரைக்குச் சற்று மேலே மிதந்து மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ரொட்டி அவன் காலடியில் சுற்றியது. ஊர்க்காரர்களுக்கு ரொட்டி என்றால் உயிர், நடந்து போகும்போதே எடுத்துக்கொள்வார்கள். இவன் அதன் மேலேயே நின்றான். எடுக்கவில்லை. நகர்ந்தான், திரும்பி வந்தான், மறுபடி அதன் மேலேயே நின்றான். ஐந்து நிமிடம் ஆனதும் ரொட்டி மறைந்துவிட்டது. யாரும் எடுக்காத பொருளுக்கு ஆயுள் அவ்வளவுதான்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கோளாறு வயலில் இல்லை. அறுப்பதும் எடுப்பதும் இரண்டு வேலை. இரண்டும் ஒரே நேரத்தில் நின்றிருக்கிறது. அப்படியென்றால் இரண்டுக்கும் பொதுவாக மேலே எங்கோ ஒரு சுவிட்ச் இருக்கிறது.

அன்று ராத்திரி பையன் தூங்கிய பிறகு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதிதாக ஒரு தட்டையான உலகம் உண்டாக்கினேன். மலை இல்லை, ஆறு இல்லை, மேசை மாதிரி வெறும் புல்வெளி. ஒரு ஊர்க்காரன், ஒரு மக்குத்தொட்டி, ஒரு கட்டம் தண்ணீர், நாலு கட்டம் விளைந்த கோதுமை. வேறு எதுவும் கிடையாது. மில்லில் ஒரு சென்சார் மேல் சந்தேகம் வந்தால் அதைக் கழற்றி மேசையில் தனியாக இணைத்துப் பார்ப்போமே, அதுதான். அந்த உலகத்து விவசாயி தொப்பி வந்த கொஞ்ச நேரத்திலேயே அறுத்துவிட்டான். அதே லேப்டாப், அதே பதிப்பு. ஆக, ஆளில் குறையில்லை. பையனின் உலகத்தில்தான் எதையோ மாற்றியிருக்கிறார்கள்.

காலையில் காப்பி குடித்துக்கொண்டே, "கண்ணு, எப்பவாச்சும் கமாண்டு கிமாண்டு அடிச்சியா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். "க்ரீப்பர் வந்து நம்ம கிடங்குச் செவுத்த வெடிச்சுப்போட்டுதுல்லங் மாமா, அப்ப ஒண்ணு அடிச்சேன்."

க்ரீப்பர் என்பது சத்தமில்லாமல் பின்னால் வந்து வெடிக்கும் பச்சைப் பிராணி. அது வெடித்துச் சுவர் பெயர்வதைத் தடுக்க ஒரு விதி இருக்கிறது. அதன் பெயர் மாப் கிரீஃபிங், பிராணிகளின் அட்டகாசம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை அணைத்துவிட்டால் க்ரீப்பர் வெடித்தாலும் சுவருக்கு ஒன்றும் ஆகாது. எண்டர்மேன் என்ற நெட்டைக் கறுப்பன் மண்ணைத் தூக்கிக்கொண்டு போகமாட்டான். கூடவே, யாரும் சொல்லாத இன்னொன்றும் நடக்கும்: ஊர்க்காரன் கீழே கிடக்கும் எதையும் எடுக்கமாட்டான், விவசாயி கதிரைத் தொடமாட்டான். விளையாட்டின் சட்டப் புத்தகத்தில் வீட்டை வெடித்துத் தகர்ப்பதும், விளைந்த கேரட்டைப் பிடுங்குவதும், காலடியில் கிடந்த ரொட்டியைப் பொறுக்குவதும் ஒரே பிரிவில் வரும் குற்றங்கள். உயிருள்ளது எது உலகத்தை மாற்றினாலும் அது அட்டகாசம். எழுதியவர்களுக்கு அப்படி ஒரே இடத்தில் போட்டது வசதியாக இருந்திருக்கும். கண்ட்ரோல் பேனல் வடிவமைப்பவர்களிடமும் இதே வழக்கம் உண்டு. மிச்சம் இருக்கும் ஒரு ரிலேயில் இரண்டு சம்பந்தமில்லாத வேலையைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பின்னால் வருபவன் பாடு.

விதியைத் திரும்பப் போட்டோம். விளையாட்டில் மறுநாள் விடிந்து எட்டு மணி ஆனது. தொப்பிக்காரன் தொட்டியிடம் போனான், வயலுக்கு வந்தான், விளைந்த ஒரு கட்டத்தின் ஓரம் நின்றான். கை அசையவில்லை. சட்டைக்குள்ளேதான் இருந்தது. ஆனால் 'சர்ரக்' என்று ஒரு சத்தம், கதிர் இருந்த இடம் வெறும் மண்ணானது, கோதுமை ஒன்றும் விதைகள் சிலவும் துள்ளி அவன் உடம்புக்குள் போயின, அடுத்த நொடி அதே மண்ணில் பச்சையாக ஒரு முளை. பையன் போட்ட கூச்சலில் அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

விதியைப் போட்டதும் க்ரீப்பர் ஆபத்தும் கூடவே திரும்பியது. அதற்குப் பூனை வளர்த்தோம். க்ரீப்பர் பூனையைக் கண்டால் ஓடும்; பச்சை மீன் போட்டால் ஊர்ப்பூனை நம்மோடு வந்துவிடும். இன்னொரு தொல்லை, மண்ணை மிதிப்பது. நடந்தால் பரவாயில்லை, மேலேயிருந்து குதித்தால் உழுத மண் பாழாகிவிடும். விதி அணைந்திருந்தவரை ஊர்க்காரர்கள் குதித்தாலும் மண் கெடவில்லை, இப்போது கெட்டது. வயலோரத்தை வயல் மட்டத்துக்கே இறக்கினோம். தீர்ந்தது.

ஆனாலும் பையனுக்குத் திருப்தியில்லை. "இவன் ரெண்டு அறுத்துட்டு நடந்து போறான் மாமா. மறுபடி தொட்டிகிட்ட போறான். சோம்பேறி." சோம்பேறி இல்லை. வேலை நேரம் வந்ததும் அவனுக்கு முன்னால் சில வேலைகள் இருக்கின்றன: தொட்டியில் வேலை பார்ப்பது, வேலையிடத்தைச் சுற்றி உலாவுவது, வயலுக்குப் போவது, அறுத்து நடுவது. இவற்றில் எது என்பதை ஒவ்வொரு தடவையும் அவன் மூளை தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும். அறுக்கும்போதும் தன்னை ஒட்டிய கட்டங்களைத்தான் பார்ப்பான். வயல் முழுவதையும் நினைவில் வைத்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வேலை செய்யும் அறிவு அவனுக்கு இல்லை, தேவையும் இல்லை. நான்கு நாள் விட்டுப் பார்த்தால் வயல் எப்படியோ அறுபட்டு, நட்டுக் கிடக்கும்.

அடுத்த புகார்தான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. வயல் அறுபடுகிறது, ஆனால் பையன் வைத்திருந்த பெட்டியில் ஒரு மணி கோதுமை இல்லை. விவசாயி பெட்டியைத் திறப்பவனே இல்லை. அவனிடம் எட்டு அறை கொண்ட ஒரு பை உண்டு, எல்லாம் அதற்குள் போகும். மூன்று கோதுமையைச் சேர்த்து ஒரு ரொட்டி ஆக்குவான். கையில் உணவு உபரியானதும் எதிரே வருகிற ஊர்க்காரனிடம் எறிவான். அவன் கேட்டானா, பசியா என்றெல்லாம் பார்ப்பதில்லை. இரண்டு பேரிடம் போதிய உணவும், ஊரில் காலியாக ஒரு கட்டிலும் இருந்தால் குழந்தை பிறக்கும். பையன் அழகுக்காக நாலைந்து கட்டில் போட்டுவைத்திருந்தான். வெளியே தள்ளிய ஆளையும் ஊரிலிருந்து வழிதவறி வந்தவர்களையும் நாங்கள் உள்ளே சேர்த்திருந்தோம். ஆக, எங்கள் கோதுமை முழுக்கக் குழந்தைகளாகிக் கட்டிலுக்குக் கட்டில் குதித்துக்கொண்டிருந்தது.

விவசாயி சரியாகத்தான் வேலை செய்கிறான். எங்களுக்காகச் செய்யவில்லை, அவ்வளவுதான். அவனை எழுதியவர்கள் அவனை ஊருக்குச் சோறு போடுகிறவனாக எழுதியிருக்கிறார்கள். ஆட்டக்காரன் அந்தக் கணக்கிலேயே இல்லை.

பையனுக்குக் கோதுமை வேண்டியது மரகதத்துக்காக. இந்த உலகத்தில் பணம் என்பது மரகதம். 20 கோதுமை கொடுத்தால் விவசாயி ஒரு மரகதம் தருவான். ஆம், அதே விவசாயிதான். அவன் அறுத்த கோதுமையை அவனிடமிருந்து எப்படியாவது வாங்கி அவனுக்கே விற்பதுதான் திட்டம். அதே ஆள் ஒரு மரகதத்துக்கு 6 ரொட்டியும் விற்கிறான். ஆறு ரொட்டிக்கு 18 கோதுமை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். தேங்காய் வியாபாரிகளோடு நாற்பது வருடம் விலை பேசியவர், மனக்கணக்கில் பிடித்துவிட்டார்.

"இருவது வாங்கிப் பதினெட்டத் திருப்பிக் குடுக்கறானா? நடுவுல ரொட்டியும் அவனே சுட்டுக் குடுக்கறானா? ரெண்டே ரெண்டு கோதுமைக்கா இந்தப் பாடு? பொழைக்கத் தெரியாதவன்."

அவனிடமிருந்து விளைச்சலை எடுப்பதற்கு ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த வழிகள் ஒன்றையொன்று மிஞ்சும். 1.14-க்கு முந்தைய பதிப்புகளில் ஒரு உபாயம் பிரசித்தம்: அவன் பையின் எட்டு அறையையும் விதையால் நிரப்பிவிடுவது. ஒரு அறைக்கு 64, மொத்தம் 512 விதை. இடமே இல்லாததால் அறுத்த கோதுமையை எடுக்க முடியாது, தரையில் கிடக்கும். நடுவதற்கு விதை மட்டும் கையில் இருக்கும். அடியில் தண்டவாளத்தில் ஹாப்பர் என்ற புனல் வைத்த வண்டியை ஓடவிட்டால் மண்ணுக்கு மேலே கிடப்பதைக் கீழேயிருந்தே உறிஞ்சிவிடும்.

பையன் தேர்ந்தெடுத்தது வேறு. கேரட் வயல், நடுவில் தண்ணீர், உள்ளே விவசாயி. வயலின் ஒரு பக்கம் சின்ன அறை, அதில் இன்னொரு ஊர்க்காரன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கலாம், நெருங்க முடியாது. இருவருக்கும் நடுவில் பள்ளம், பள்ளத்தில் ஹாப்பர்கள், ஹாப்பருக்குக் கீழே பெட்டி. கேரட்டுக்குத் தனியாக விதை கிடையாது, கேரட்டே விதை. ஒரு செடிக்குக் குறைந்தது இரண்டு, அதிகபட்சம் ஐந்து கிடைக்கும். விவசாயியின் கையில் 24-க்கு மேல் சேர்ந்ததும் எதிரே நிற்பவனைப் பார்ப்பான், அவனை நோக்கி உபரியை எறிவான். கேரட் வளைந்து பறந்து பள்ளத்தில் விழும். ஹாப்பர் விழுங்கும். எதிரே நிற்பவனுக்கு ஒன்றும் போய்ச் சேராது. இவன் மறுபடி அறுப்பான், மறுபடி எறிவான்.

இதைக் கட்டுவதற்கு ஹாப்பர் ஒன்றுக்கு ஐந்து இரும்புக் கட்டியும் ஒரு பெட்டியும் வேண்டும். இரும்புக்காகப் பையன் சுரங்கத்திலேயே குடியிருந்தான். நான் அளவு போட்டுக் கொடுத்தேன். ஓடத் தொடங்கியதும் பெட்டியில் கேரட் ஏறுவதை உட்கார்ந்து பார்த்தோம். மிக நன்றாக ஓடியது. நல்ல மிஷின் ஓடுவதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு எப்போதும் உண்டு, அன்றும் இருந்தது. ஆனால் அந்தச் சின்ன அறைக்குள் நின்றவனை நான் அதிகம் பார்க்கவில்லை. வெறும் நிரல், தெரியும். இருந்தாலும் ஒருவனுடைய கொடுக்கும் குணத்தைப் பிடித்து அதையே பொறியாக்கியது உறுத்தியது. பழைய கோதுமை வயலை அப்படியே விடச் சொன்னேன். அதில் வருவது வரட்டும், குழந்தைகள் தின்னட்டும் என்றேன்.

அம்மாவிடம் இதையும் சொன்னேன். என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேரன் பக்கம் சாய்ந்துவிட்டார்.

"உன்ற தோட்டத்துல வெளஞ்சத ஒருத்தன் போறவன் வாறவனுக்கெல்லாம் வாரி எறைச்சா நீ சும்மா இருப்பியா? சாமி பண்ணுனதுதான் செரி. மூளைக்காரன்." அப்புறம் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அந்தக் குழிய நம்ம தேங்காத் தொட்டிகிட்டயும் ஒண்ணு வெட்டச் சொல்லு" என்று சிரித்தார். தேங்காய் போடுகிற ஆட்கள் போகும்போது ஆளுக்கு நாலு கொண்டுபோவது எங்கள் வீட்டில் தீராத வழக்கு. உண்மையில் அந்த நாலைப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பதே அவர்தான். ஆனால் வழக்கை விடமாட்டார்.

மே மாதம் பாதி ஆளை வைத்து மில்லைத் திறந்தார்கள். நான் கிளம்பிவிட்டேன். ரிங் ஃபிரேம்கள் மாசக்கணக்கில் நின்றதில் பாதி சென்சாரில் பஞ்சுத்தூசி அடைத்திருந்தது. மூச்சுவிட நேரமில்லை. ஒருநாள் ராத்திரி ஷிஃப்டில் பையன் போன்.

"மாமா, கேரட் வெல எறங்கிப்போச்சு. இருவத்திரெண்டுக்கு ஒரு மரகதம் குடுத்துட்டிருந்தான். இப்ப இன்னும் சேத்துக் குடுன்னு கேக்கறான்."

நாள் தவறாமல் ஒரே ஆளிடம் ஒரே சரக்கைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறான். 1.14-இல் இருந்து அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே வியாபாரத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் விலை நமக்கு எதிராக நகரும். விற்காமல் விட்டால் தானாகத் திரும்பும். "ரெண்டு நாள் விக்காம பொட்டியிலயே வெச்சிருந்து பாரு" என்றேன்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "ரெண்டு நாளா? கேரட்டு அழுகிப்போயிராதா?"

"அழுகாது அம்முச்சி. இதுல எதுவுமே அழுகாது."

"எத்தன நாள் வெச்சிருந்தாலுமா?"

"எத்தன வருசம் வெச்சிருந்தாலும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்பறம் அவன்கிட்டப் போயி எதுக்குக் கெஞ்சறே" என்றார் அம்மா. "கெடக்குட்டும் போ. அவனா வரட்டும்."